பூனைக்கு ஏறுமரம் வீட்டிலேயே செய்ய: தூண் எது, கயிறு எது, ஆடாமல் நிறுத்துவது எப்படி?

வாடகைவீட்டு வானதி | சென்னை

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இரண்டு நாட்டுப் பூனைகள். செவலை ஆண் நாலரைக் கிலோ, சாம்பல் பெண் மூன்று கிலோவுக்குள். சோபாவின் கை, திரைச்சீலை, ஃபிரிட்ஜின் தலை, இவைதான் இருவருக்கும் விளையாட்டுத் திடல். ஏறவும் பிராண்டவும் ஒரு மரம் செய்துகொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

கடையில் விற்பதைப் பார்த்தேன். உயரம் இருக்கிறது, மேலே மெத்தை இருக்கிறது, ஆனால் ஒரு விரலால் தள்ளினாலே ஆடுகிறது. தூணைத் தட்டினால் உள்ளே அட்டைக் குழாய். அவர்கள் சொல்லும் விலைக்குப் பிளைவுட் வாங்கி ஆசாரிக்குக் கூலியும் கொடுத்துவிடலாம் போலிருக்கிறது.

தூணுக்கு பிவிசி குழாயா, மரக்கட்டையா? சுற்றுவதற்குத் தேங்காய் நார்க் கயிறு போதுமா, சீசல் என்கிற வெளிநாட்டுக் கற்றாழை நார்க் கயிறுதான் வேண்டுமா? உயரம் ஐந்தடி வேண்டும். பெரிய சிக்கல் இன்னொன்று: வீட்டுக்காரர் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க விடமாட்டார்.


தச்சுப்பட்டறை | கோவை

வானதி, குழாயா கட்டையா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் மரம் கவிழாமல் நிற்க வேண்டும். கடை மரங்கள் தோற்பது அங்கேதான்.

நீங்கள் கேட்கும் ஐந்தடி மரம், 60க்கு 60 செ.மீ. அடிப்பலகையோடு சேர்த்து 15 கிலோ வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூனை மேல்தட்டில் படுத்திருக்கும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. மேல்தட்டு அடிப்பலகையைத் தாண்டி 15 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்து, அதன் நுனியில் 5 கிலோ பூனை உட்கார்ந்தால்கூட, எடையை அடிப்பலகை விளிம்பிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கிப் பாருங்கள்: கவிழ்க்கும் பக்கம் 5 × 15 = 75, தாங்கும் பக்கம் 15 × 30 = 450. ஆறு மடங்கு தெம்பு இருக்கிறது.

ஆனால் பூனை உட்காருவதற்கு மட்டுமா ஏறுகிறது? அங்கிருந்து சோபாவுக்குப் பாயும். பாயும்போது பின்கால் இரண்டும் தட்டைப் பக்கவாட்டில் உதைக்கும். 150 செ.மீ. உயரத்தில் அந்த உதை வெறும் 3 கிலோ விசை இருந்தாலே போதும். 3 × 150 = 450, கணக்கு நேராகிவிட்டது, பாய்ந்த பக்கத்து விளிம்பு தரையை விட்டு எழும்பும். உதை கண் இமைக்கும் நேரம்தான் என்பதால் பெரும்பாலும் முழுசாகக் கவிழாது. ஆனால் ஆடும். ஒரு தடவை ஆட்டம் கண்ட தட்டில் பல பூனைகள் மறுபடி ஏறுவதே இல்லை. "இவ்வளவு செலவு பண்ணி வாங்கினேன், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்கள் வீட்டு மரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், காரணம் தெரிந்துவிடும்.

சுவரில் ஓர் எல் ஆங்கிள் அடித்துவிட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை. உங்களுக்கு அது முடியாது என்பதால் எடையைக் கீழே சேர்க்க வேண்டும். கிரானைட், கடப்பா கல் அறுக்கிற இடத்தில் மீந்த துண்டு கேளுங்கள். இரண்டடிக்கு இரண்டடி, 20 மி.மீ. தடிமன் கடப்பா கல் ஒன்றே கிட்டத்தட்ட 20 கிலோ இருக்கும். அதை அடிப்பலகைக்குக் கீழே கொடுத்தால் மொத்தம் 35 கிலோ, கவிழ்க்கத் தேவையான விசை 7 கிலோவாக உயரும். கல்லுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் ரப்பர் ஷீட் வையுங்கள். இல்லாவிட்டால் கவிழாது, வழுக்கும்.

பலகை: அடிக்கு 19 மி.மீ. பிளைவுட். மேல்தட்டுகள் 35க்கு 45 செ.மீ. அளவுதான் என்றால் 12 மி.மீ. போதும். வீட்டுக்குள் வைப்பதற்கு எம்.ஆர். கிரேடு (ஈரப்பதம் மட்டும் தாங்கும் ரகம்) போதும், பால்கனி என்றால் நீர் தாங்கும் பிளை வாங்குங்கள். முழுப் பலகை 8க்கு 4 அடி, அவ்வளவு தேவைப்படாது. பிளைவுட் கடையில் மூலையில் நிற்கும் வெட்டுத் துண்டுகளைக் கேட்டால் கிடைக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். அதில் ஸ்க்ரூ ஒரு தடவை தளர்ந்தால் மறுபடி பிடிக்காது.

ஸ்க்ரூ பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு நிறத்தில் வரும் ஜிப்சம் ஸ்க்ரூவைத்தான் கடைக்காரர் முதலில் எடுத்துப் போடுவார். அது உடையும் ஜாதி, பக்கவாட்டு இழுப்பில் தலை தெறித்துவிடும். மர ஸ்க்ரூ என்று கேட்டு வாங்குங்கள்.


குழாய்க்கடை | திருச்சி

தூணுக்கு என் ஓட்டு 110 மி.மீ. பிவிசி. நாலு இஞ்ச் குழாய் என்று கேட்டால் எந்த ஊரிலும் கொடுப்பார்கள். வளையாது, பூச்சி அரிக்காது, வீட்டு வேலை நடக்கிற இடத்தில் துண்டாகவே கிடைக்கும். சிக்கல் ஒன்றுதான், குழாயின் விளிம்பில் ஸ்க்ரூ போட இடமில்லை. அதற்கு வழி இருக்கிறது.

குழாயின் உள்விட்டத்தை அளந்து (தடிமனுக்குத் தக்க மாறும், அளக்காமல் வெட்டாதீர்கள்) அந்த அளவுக்கு 19 மி.மீ. பிளைவுட்டில் வட்டத் துண்டுகள் வெட்டுங்கள். இரண்டை ஒன்றாக ஒட்டி, அடிப்பலகையில் நாலு ஸ்க்ரூ போட்டு இறுக்கி, குழாயை அதன்மேல் சொருகி, வெளியிலிருந்து சுற்றிலும் ஸ்க்ரூ போட்டால் ஒரு கை வேலை முடிந்தது. மேலேயும் அப்படியே.

இன்னும் கெட்டியாக வேண்டும் என்றால் திரெட் ராட், அதாவது முழு நீளத்துக்கும் மரை வெட்டிய இரும்புக் கம்பி. ஒரு மீட்டர் நீளத்தில் கிடைக்கும், 10 அல்லது 12 மி.மீ. எடுங்கள். 90 செ.மீ. குழாய், கீழே இரண்டு பலகை, மேலே ஒன்று, எல்லாம் சேர்ந்து 96 செ.மீ.க்குள் அடங்கும். ராடு நடுவில் ஊடுருவிப் போக, இரு முனையிலும் வாஷர் வைத்து நட் இறுக்கினால் மொத்தமும் ஒரே உடம்பாகிவிடும். அடிப்பக்க நட் வெளியே துருத்தாமல் இருக்கப் பலகையில் குழி எடுக்கச் சொல்லுங்கள். ஐந்தடிக்கு இன்னொரு குழாயை நடுத்தட்டுக்கு மேலே இதே மாதிரி நிறுத்த வேண்டும், ஆனால் முதல் தூணுக்கு நேர் மேலே இல்லாமல் சற்று விலக்கி. நேர் மேலே வைத்தால் இரண்டு ராடும் ஒரே ஓட்டையில் முட்டிக்கொள்ளும்.

கயிறு எவ்வளவு என்று எல்லோரும் தப்பாகத்தான் கணிக்கிறார்கள். 8 மி.மீ. கயிறு, 90 செ.மீ. உயரம் என்றால் 112 சுற்று. குழாயின் விட்டத்தோடு கயிற்றின் தடிமனையும் கூட்டினால் 118 மி.மீ., ஒரு சுற்றுக்கு 37 செ.மீ. ஆக 42 மீட்டர். 10 மி.மீ. கயிறென்றால் 34 மீட்டர். 75 மி.மீ. குழாயில் 8 மி.மீ. சுற்றினால் 29 மீட்டர். பத்து மீட்டர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் முழங்கால் உயரம்கூட வராது.

குழாய்க்குள் மணல் நிரப்பலாமா என்று கேட்பீர்கள். 90 செ.மீ. குழாய் கொள்ளும் காய்ந்த மணல் சுமார் 12 கிலோ. நிரப்பலாம்.


தச்சுப்பட்டறை | கோவை

மணல் கசியும். ராடு போகிற ஓட்டை, ஸ்க்ரூ ஓட்டை எல்லாவற்றிலும் கொட்டும், வருஷக்கணக்கில் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எடையைத் தூணில் வைப்பதைவிட அடியில் வைப்பதே நல்லது, சற்றுச் சாய்ந்தாலும் தானே நேராகும். கல் போட முடிந்தவர்களுக்கு மணல் எதற்கு?

மரக்கட்டை வேண்டும் என்பவர்களுக்கு: சவுக்கு. கனம், நேராக வரும், மூணு நாலு இஞ்ச் குறுக்களவில் கிடைக்கும். சென்ட்ரிங்குக்குப் போட்டுக் கழித்த கம்பு மலிவு என்று எடுக்காதீர்கள், கழிவு ஆயில் ஊறியிருக்கும், உடைந்த ஆணி இருக்கும். புதுக் கட்டையாக எடுத்து, பட்டை உரித்து, நிழலில் நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள். முருங்கை வேண்டாம், முறிந்துவிடும். அரளி வேண்டவே வேண்டாம், விஷம். கொய்யாக் கிளை அழகாகக் கவட்டையோடு கிடைத்தால் விடாதீர்கள்.

கட்டையின் தலைப்பக்கத்தில், அதாவது நார் ஓடும் திசையில், போடும் ஸ்க்ரூ சரியாகப் பிடிக்காது. ஸ்பேனரால் இறுக்கும் தடித்த கோச் ஸ்க்ரூ இரண்டு, நடுவில் ஒன்றாகப் போடாமல் விலக்கி விலக்கிப் போடுங்கள். ஒன்று மட்டும் போட்டால் பூனை பிராண்டப் பிராண்டத் தூண் சுழலும்.


பொள்ளாச்சிக்காரன்

தேங்காய் நார்க் கயிற்றை யாரும் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறீர்களே. எங்கள் ஊரில் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது, சீசல் விலையில் கால்வாசிகூட வராது. பூனைக்கு என்ன தெரியும் இது பொள்ளாச்சியா ஆப்பிரிக்காவா என்று? எங்கள் வீட்டில் மூன்று பூனை, மாட்டுக்கொட்டகைத் தூணில் கயிறு சுற்றிவிட்டேன், ஆனந்தமாகப் பிராண்டுகின்றன.


குழாய்க்கடை | திருச்சி

அண்ணா, கொட்டகையில் சரி. அடுக்குமாடி ஹாலில் சுற்றினால் அன்றாடம் தும்புதான். நார் குட்டை குட்டையாக முறிந்து சோபா, படுக்கை, சாப்பாட்டுத் தட்டு என்று எல்லா இடத்துக்கும் வந்துவிடும்.

இன்னொன்று, தேங்காய் நார் இழுத்தால் நீளும் தன்மை உள்ளது. சீசல் அவ்வளவு நீளாது. இன்று இறுக்கிச் சுற்றிய நார்க் கயிறு பூனை தொங்கித் தொங்கி நாளாக ஆகத் தளரும், சுற்றுகள் விலகிக் குழாய் பளபளவென்று தெரியும்.


பொள்ளாச்சிக்காரன்

தும்பு உண்மைதான், மறுக்கவில்லை. தளர்வதற்கு வழி உண்டு. சுற்றுவதற்கு முன் கயிற்றை மரக்கிளையில் கட்டி, மறுமுனையில் நல்ல கனமான மூட்டையைத் தொங்கவிட்டு ஓரிரவு வையுங்கள். நீள வேண்டியது அப்போதே நீண்டுவிடும். அப்புறம் கயிற்றிலும் ரகம் இருக்கிறது. பச்சை மட்டையை ஊறவைத்து எடுத்த வெள்ளை நார் மெல்லிசு, மிருது. காய்ந்த மட்டையின் பழுப்பு நார் முரடு, அதுதான் அதிகம் தும்பு விடும். கையால் திரித்த லேசுக் கயிறு வேண்டாம், மெஷினில் இறுக்கித் திரித்த இரட்டைப் புரி கேளுங்கள்.


சும்மா வந்தவன்

மரம் செய்து முடித்ததும் அது வந்த அட்டைப்பெட்டிக்குள்தான் போய்ப் படுக்கப்போகிறது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.


கால்நடை மாணவி | நாமக்கல்

வீட்டிலேயே செய்கிற மரத்துக்குப் பெட்டி ஏது, அந்தக் கவலை வேண்டாம் 😀

கயிறு விவாதத்துக்கு ஒரு துணுக்கு: வீட்டுப் பூனைகள் எதில் பிராண்டுகின்றன என்று வளர்ப்பவர்களிடமே கேட்டு 2016இல் வெளிவந்த ஓர் இணையவழி ஆய்வில், கயிறு சுற்றிய நிமிர்ந்த தூண்தான் முன்னால் நின்றது. வளர்ப்பவர்கள் அதிகம் வாங்கிக்கொடுத்தது என்னவோ கார்ப்பெட் ஒட்டிய தூண். மூன்றடிக்குக் குறையாத உயரத்துக்கு வரவேற்பு அதிகம். காரணம் எளிது, பூனை பின்காலில் நின்று உடம்பை முழுசாக நீட்டித்தான் பிராண்டும். குட்டைத் தூணில் அந்தச் சோம்பல் முறிப்பு நடக்காது.

பிராண்டுவது சேட்டை அல்ல. நகத்தின் மேல் பழைய உறை கழன்று விழ வேண்டும், பாதத்தில் உள்ள சுரப்பிகளின் வாசனையை அங்கே பதிக்க வேண்டும், கீறல் கண்ணுக்கும் தெரிய வேண்டும். அதனால்தான் வீட்டின் நடுவாந்திரமான இடம் பார்த்துப் பிராண்டுகிறது. யாரும் போகாத மூலையில் மரத்தை வைத்தால் அது சோபாவைத்தான் தேடி வரும். முதலில் சோபாவின் அந்தக் கைக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். பழகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாம்.

இனி, ஆபத்துகள். ஸ்டேப்ளர் பின் அடித்துத் துணி ஒட்டாதீர்கள், தளர்ந்து விழுந்தால் விழுங்கிவிடும். பொம்மையை மெல்லிய நூலில் தொங்கவிட வேண்டாம். நூலை விழுங்கினால் அதன் ஒரு முனை எங்காவது சிக்கிக்கொள்ள, குடல் அதன்மேல் சுருங்கிச் சுருங்கி ஏறும், கடைசியில் நூல் குடலை அறுத்துவிடும். அறுவை சிகிச்சை வரை போகிற விஷயம். ஆசனவாயில் நூல் தெரிகிறது என்றால் இழுக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வளையம் வளையமாக இழை உள்ள கார்ப்பெட்டில் நகம் மாட்டிக்கொள்ளும். நைலான் கயிறு வழுக்கும், பிராண்டவும் பிடிக்காது.

பசை: வெள்ளை நிற மரப்பசை போதும், நன்றாகக் காய்ந்த பிறகு பூனையை விடுங்கள். தின்னர் வாடை அடிக்கும் ரப்பர் பசையைத் தவிர்க்கலாம். கரையான் எண்ணெய், பாச்சை உருண்டை, கற்பூரம் எதுவும் மரத்தில் படக் கூடாது. மரத்தைச் சுற்றி ஃபினாயில் போட்டும் துடைக்காதீர்கள். ஃபீனால் வகைப் பொருள்களை மனிதக் கல்லீரல் முறித்து வெளியேற்றுகிற வழி பூனைக்கு மிகவும் குறைவு. காலில் ஒட்டியதை நக்கியே உள்ளே கொண்டுபோய்விடும். சோப்புத் தண்ணீர் போதும்.


வாடகைவீட்டு வானதி | சென்னை

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கடப்பா கல் யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது, வீடு மாறும்போது 35 கிலோவை யார் சுமப்பது என்று என் கணவர் கேட்கிறார். சுவரைத் தொடாமல் கட்டிவைக்க வேறு வழி உண்டா?


மூன்றாம்மாடி | மதுரை

உண்டு, வானதி அக்கா. ஜன்னல் கம்பி.

நம் ஊர் வீடுகளில் எல்லா ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி இருக்கிறது. சுவரோடு சேர்த்துக் கட்டிய கம்பியைவிடக் கெட்டியான ஆங்கிளை எந்த டிரில்லும் கொடுக்காது. மரத்தை ஜன்னலோரம் நிறுத்தி, நடுத்தட்டு உயரத்திலும் மேல்தட்டு உயரத்திலும் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள். தடித்த கேபிள் டை போதும். பெயிண்ட் உரியாமல் இருக்க உள்ளே ஒரு துணித் துண்டு. வீட்டுக்காரர் வந்தால் கத்தரித்துவிடலாம், சுவரில் ஒரு புள்ளிகூட இருக்காது. இப்படிக் கட்டிய பிறகு தச்சுப்பட்டறை அண்ணன் சொன்ன 3 கிலோ, 7 கிலோ கணக்கெல்லாம் பொருட்டே இல்லை.

பூனைக்கும் அதுதான் இடம். குருவி, அணில், கேபிள் மேல் நடக்கும் காக்கா, எல்லாம் அங்கிருந்துதான் தெரியும். மேற்குப் பார்த்த ஜன்னல் மட்டும் வேண்டாம். சித்திரை வெயிலில் மதியத்துக்கு மேல் எந்தப் பூனையும் அங்கே உட்காராது.

ஆனால் கம்பி இடைவெளி வழியாக நழுவி வெளியே போகிற அளவு சிறிய பூனை என்றால் முதலில் வலை. நீங்களே ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடக் கூடாது. "பூனை மாடியிலிருந்து விழுந்தாலும் காலில்தான் நிற்கும்" என்று எங்கள் மாடியிலேயே ஒருவர் சொன்னார். 1987இல் நியூயார்க் கால்நடை மருத்துவர்கள் எழுதிய கட்டுரைதான் இந்தப் பேச்சுக்கெல்லாம் மூலம். உயரத்திலிருந்து விழுந்த 132 பூனைகள், சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. பிழைத்தன, சரி. நெஞ்சில் அடி, தாடை முறிவு, உடைந்த கால், இதையெல்லாம் தாண்டிப் பிழைத்தன. விழுந்த இடத்திலேயே செத்தவை மருத்துவமனைக்கு வந்திருக்காது என்பதும் இருக்கிறது.


சிங்கைத் தம்பி | சிங்கப்பூர்

இங்கே வீவக (அரசு வீட்டு வாரிய அடுக்குமாடி) வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் உரிமம் எடுத்து வீட்டுக்கு இரண்டு வளர்க்கலாம். அதனால் இப்போது எங்கள் பேட்டையில் எல்லாரும் வலை அடிக்கிறார்கள், மரம் தேடுகிறார்கள்.

ஜன்னலோரம் இடமில்லாதவர்களுக்கு: தரைக்கும் கூரைக்கும் நடுவில் முட்டுக் கொடுத்து நிறுத்தும் தூண். உச்சியில் ஒரு திருகு, அதைச் சுற்றச் சுற்றத் தூண் நீண்டு இரண்டு பக்கமும் அழுத்தும். ஓட்டை தேவையில்லை. கான்கிரீட் கூரைக்கு அருமையாக நிற்கும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்குக்கு முட்டுக் கொடுக்கவே கூடாது, பிய்த்துக்கொண்டு போய்விடும். கொஞ்ச நாளுக்கு ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். குழாய்க்கடை அண்ணன் சொன்ன திரெட் ராட், நட் வைத்து இதையும் வீட்டிலேயே செய்கிறார்கள்.


தச்சுப்பட்டறை | கோவை

ஜன்னல் கம்பிக்கு நான் கட்சி மாறிவிட்டேன். அப்படியானால் கல் தேவையில்லை, 19 மி.மீ. அடிப்பலகையை இரட்டையாக ஒட்டினால் போதும். மதுரைத் தம்பிக்கு ஒரு டீ கடன்.

மரத்தையும் வீட்டில் இருப்பதோடு சேர்த்துப் பாருங்கள். நம் வீடுகளில் பரண் இருக்கிறது, அலமாரித் தலை இருக்கிறது. ஐந்தடி மரத்தின் மேல்தட்டிலிருந்து அலமாரித் தலைக்குப் பூனை போக முடிந்தால் ஏழடி உயரம் இலவசம். அதற்கு ஏழடி மரம் கட்ட வேண்டியதில்லை.


மூன்று முகம் | சேலம்

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. இரண்டு பூனை என்றால் இறங்க இரண்டு வழி வேண்டும். எங்கள் வீட்டில் பெரியது நடுத்தட்டில் உட்கார்ந்துகொள்ளும், மேலே இருக்கிற சின்னது இறங்க முடியாமல் சிறைதான். கத்தல், ரோமம் பறக்கும். இப்போது மேல்தட்டிலிருந்து அலமாரிக்கு ஒரு பலகை, அலமாரியிலிருந்து மேசைக்கு இன்னொன்று. சண்டை நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் யாரும் மாட்டிக்கொள்வதில்லை.

மேல்தட்டும் ஒன்றே ஒன்றாக இருந்தால் அதற்குத்தான் அடிதடி. ஏறக்குறைய ஒரே உயரத்தில் இரண்டு வைத்துவிடுங்கள்.


கால்நடை மாணவி | நாமக்கல்

மிகச் சரி. அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவ அமைப்பும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வீட்டுப் பூனைக்குத் தேவையானவை என்று ஐந்து தூண்களைச் சொல்லி, முதலாவதாகப் பாதுகாப்பான இடத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். தீனி, தண்ணீர், கழிவுத் தட்டு, படுக்கை, பிராண்டும் இடம் எல்லாம் ஒன்றுக்கு மேல், தள்ளித் தள்ளி இருக்க வேண்டும் என்பது இரண்டாவது.

தட்டுகளுக்கு இடையே உயரம் 30 முதல் 40 செ.மீ. வைத்தால் நல்லது. நாட்டுப் பூனை ஒரே தாவில் ஐந்தடி போகும், அது வேறு. இறங்குவதுதான் சிரமம். நகம் பின்னோக்கி வளைந்திருப்பதால் செங்குத்துத் தூணில் ஏற உதவுகிற அதே நகம் தலைகீழாக இறங்கும்போது பிடிக்காது, பின்பக்கமாகத்தான் சறுக்கி வர வேண்டும். படிபோலத் தட்டு இருந்தால் மூட்டுக்கும் நல்லது. பாரசீகப் பூனை, வயதான பூனை என்றால் 25 செ.மீ.க்குக் குறைத்து, தட்டையும் அகலமாக்குங்கள்.


வாடகைவீட்டு வானதி | சென்னை

முடிவெடுத்தாச்சு. ஜன்னல் கம்பி, 110 மி.மீ. குழாய், சீசல். பாரிமுனைப் பக்கம் போய்க் கயிறு வாங்கி வந்தேன், மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை வருகிறது. இது சரியா? தட்டின் மேல் என்ன விரிக்கலாம்? கடை மரம் மாதிரி பொசுபொசு துணி சென்னைக்கு ஆகுமா?


குழாய்க்கடை | திருச்சி

சீசல், சணல் இரண்டையும் மில்லில் பதப்படுத்தும்போது எண்ணெய் சேர்ப்பது உண்டு, அந்த வாடைதான். பிரித்துப் போட்டு நல்ல வெயிலில் காயவிடுங்கள். போகாவிட்டால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள், பூனை மூக்கு நம்முடையதைவிடக் கூர்மை. தண்ணீரில் நனைத்துச் சுற்றினால் இறுகும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். நனைந்த நார்க் கயிறு நீளத்தில் சுருங்கும், காய்ந்ததும் தளரும். காய்ந்த கயிறாகவே சுற்றுங்கள்.

குழாயின் அடியில் ஓர் ஓட்டை போட்டு, கயிற்று முனையை உள்ளே விட்டு முடிச்சுப் போடுங்கள். அடிப்பலகையில் மாட்டும் முன்பே சுற்றிவிட வேண்டும். ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடிக்க, மற்றவர் குழாயை உருட்ட வேண்டும். நாம் தூணைச் சுற்றி வந்தால் தலைசுற்றல்தான் மிச்சம். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டி நெருக்குங்கள். பசை தொடக்கத்திலும் முடிவிலும் தாராளமாக, நடுவில் ஒரு கோடு போதும்.


அம்மாயி வீடு | தேனி

பொசுபொசு துணி வேண்டாம் கண்ணு, வெக்கையில் ஒரு பூனையும் படுக்காது, ரோமம் அப்பிக்கொண்டு துவைக்கவும் வராது. பழைய டர்க்கி துண்டு, இல்லை வேட்டியை நாலாக மடித்து ஓரத்தில் நாடா வைத்துத் தட்டுக்குக் கீழே கட்டிவிடு. அழுக்கானால் கழற்றித் துவைக்கலாம். சாக்கு விரிப்பதானால் சுடுதண்ணீரில் அலசிக் காயப்போட்டு விரி.

புது மரத்தில் ஏற வைக்க ஒரு வேலை செய். குப்பைமேனிச் செடி தெருவோரமெல்லாம் முளைத்துக் கிடக்கும், பூனைவணங்கி என்றும் எங்கள் பக்கம் சொல்வோம். வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, வேரைக் கசக்கித் தூணில் தேய்த்துவிடு. பச்சை வேராக இருக்க வேண்டும். அப்புறம் பார், உருண்டு புரண்டு தூணைக் கட்டிக்கொள்ளும். எல்லாப் பூனையும் மயங்காது, குட்டிகளுக்கு ஒன்றும் தெரியாது. தேய்த்ததும் வேரைத் தூக்கிப் போட்டுவிடு, தின்ன விடாதே.


கால்நடை மாணவி | நாமக்கல்

அம்மாயி சொல்வது சரி. மேல்நாட்டில் கேட்னிப் என்று பொட்டலம் போட்டு விற்பதன் வேலையை இந்த வேரும் செய்யும். சாலையோரச் செடியில் களைக்கொல்லி தெளித்திருக்கலாம், அது தெரியாத இடத்தில் பிடுங்க வேண்டாம்.

பூனையைத் தூக்கிக்கொண்டு போய் மேல்தட்டில் உட்காரவைத்து, காலைப் பிடித்துத் தூணில் தேய்த்துக் காட்டுவதும் வேண்டாம். வெறுத்துவிடும். தட்டுக்கு ஒன்றாகத் தீனித் துணுக்கு வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.


வாடகைவீட்டு வானதி | சென்னை

கட்டியாச்சு. ஆசாரி ஒருவர் பலகையை மட்டும் வெட்டிக் கொடுத்தார், மீதி நானும் கணவரும். பிடித்து உலுக்கினால் ஜன்னல்தான் அதிர்கிறது, மரம் அசையவில்லை. செவலை அன்றே ஏறிவிட்டான். சாம்பல் அடிப்பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவசரப்படுத்தவில்லை. ஒரே சந்தேகம், கயிறு பிய்ந்ததும் முழுசாக மாற்றுவதா?


குழாய்க்கடை | திருச்சி

பிய்ந்து தொங்குவதுதான் பூனைக்குப் பிடித்த நிலைமை, அவசரப்பட்டு மாற்றாதீர்கள். குழாய் தெரிகிற அளவு போனால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் புதுக்கயிறு சுற்றலாம், இரண்டு முனைகளையும் ஓட்டை வழியாக உள்ளே தள்ளிவிட வேண்டும். பெரும்பாலும் தரையிலிருந்து ஒன்றரையடி முதல் மூன்றடி வரைதான் தேயும். மீந்த கயிற்றை எறியாமல் வையுங்கள். நீளமாகத் தொங்கும் இழையை மட்டும் அவ்வப்போது கத்தரித்துவிடுங்கள், மாணவி சொன்ன காரணத்துக்காக.


மூன்றாம்மாடி | மதுரை

கேபிள் டை வெயிலில் நொறுங்கும், வானதி அக்கா. கறுப்பு நிறம் கொஞ்சம் தாங்கும், வெள்ளை சீக்கிரம் போய்விடும். கோடை முடிந்ததும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். முதலில் புதியதைக் கட்டிவிட்டு அப்புறம் பழையதை வெட்டுங்கள், செவலை மேலே இல்லாத நேரமாகப் பார்த்து.